ஆர்டிஎக்ஸ் 5090, 5080: கார்டை மட்டுமல்ல, அதைச் சுற்றி அமையும் கணினியையும் சேர்த்து ஓர் ஒப்பீடு

என்விடியா நிறுவனம் 2025 ஜனவரி 30 அன்று ஒரே நாளில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்டிஎக்ஸ் 5090, 5080 என்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை முறையே 2,14,000 ரூபாயும் 1,07,000 ரூபாயும் ஆகும். விலை இரண்டு மடங்காக இருக்க, 4கே தெளிவில் 5090 தரும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். அதற்குப் பொருத்தமான கணினியை அமைக்கும் செலவையும் சேர்த்தால், இடைவெளி இன்னும் விரிகிறது.

5090-இல் 21,760 கூடா கோர்களும் (கணக்கிடும் வேலையைச் செய்யும் சிறு அலகுகள்) 32 ஜிபி நினைவகமும் உள்ளன; 5080-இல் 10,752 கோர்களும் 16 ஜிபி நினைவகமும் உள்ளன. கோர்கள் இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காததற்கு ஒரு காரணம், விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் முதலில் பிராசஸர் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருப்பதுதான். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் இருப்பதால் கார்டுக்கு வேலை நிறைய இருக்கிறது. 1440பி திரையில் அது 37 லட்சமாகக் குறைந்துவிடுவதால், ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற வேகமான பிராசஸரைப் பொருத்தினாலும் பல விளையாட்டுகளில் 5090 பிராசஸருக்காகக் காத்துக்கிடக்கிறது. 1440பி மானிட்டர் வைத்திருப்பவர் அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மின்சாரத்தில்தான் இரண்டும் முற்றிலும் வேறுபடுகின்றன. 5090-க்கு 575 வாட், 5080-க்கு 360 வாட். என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை முறையே 1000 வாட், 850 வாட். இரண்டுமே 600 வாட் வரை தாங்கும் பதினாறு பின் இணைப்பையே பயன்படுத்துகின்றன. 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறத்தாழ 48 ஆம்பியர். அதை அந்த இணைப்பில் 12 வோல்ட்டைக் கொண்டுவரும் ஆறு பின்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியர் ஓடுகிறது. 5080-இல் அது 5 ஆம்பியர்தான். இணைப்பு முழுமையாக உட்காராமல் ஓரிரு பின்களில் தொடுகை தளர்ந்தால், அவற்றின் மின்னோட்டமும் மற்ற பின்களுக்குப் போய், அவை சூடேறி உருகும் நிலை வரலாம். அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளும் இடம் 5080-இல் தாராளமாக உண்டு. 5090-இல் மிகக் குறைவு. ஆகவே 5090 வாங்குபவர் பழைய பவர் சப்ளையில் அடாப்டர் மாட்டிச் சமாளிக்காமல், 12வி-2x6 கேபிள் (அந்தப் பதினாறு பின் இணைப்பின் புதிய வடிவம்) தன்னுடனேயே வரும் புதிய ஒன்றை வாங்கி, இணைப்பு இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கேபினட்டிலும் கவனம் தேவை. என்விடியாவின் சொந்த 5090 கார்டு 304 மி.மீ. நீளமும் இரண்டு ஸ்லாட் (கேபினட்டின் பின்புறத்தில் கார்டுகளுக்கான இடம்) தடிமனும் கொண்டது. பிற நிறுவனங்களின் மாடல்களில் சில 350 மி.மீ.-ஐத் தாண்டி மூன்றரை ஸ்லாட்டை அடைக்கின்றன. பக்கவாட்டுக் கண்ணாடி கேபிளை அழுத்தாத அகலமும் வேண்டும். கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வருகிறது என்பதால், ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் 5090-ஐ மணிக்கணக்கில் ஓட்டுவது கடினம். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸும் அந்தச் சுமையைத் தாங்காது.

5080-இன் உண்மையான குறை, அந்த விலைக்கு 16 ஜிபி நினைவகம் மட்டுமே தந்திருப்பது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி அதே 16 ஜிபியை 599 டாலர் தொடக்க விலையில் 2025 மார்ச்சில் கொண்டுவந்தது. வேகத்தில் 5080-க்குப் பின்தங்கினாலும், 1440பி-யில் விளையாடுபவருக்கு அதுவே போதும்.

4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே மேசையில் இருந்து, பாத் டிரேசிங்கை (ஒளி பட்டுத் தெறிக்கும் பாதைகளைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) முழு அளவில் ஓட்ட விரும்புபவருக்கும், விளையாட்டோடு ஏஐ மாடல்களையும் இயக்குபவருக்கும் 5090 பொருந்தும். மற்றவர்கள் 5080-ஐ எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் ஒரு லட்சத்துக்கும் மேலான தொகையில் நல்லதொரு 4கே ஓஎல்இடி மானிட்டரையும் தரமான பவர் சப்ளையையும் வாங்குவதே என் பரிந்துரை.