ப்ராக்சிக்கு எந்த பார்சர்: பிக்கோவா, எல்எல்எச்டிடிபியா?

சி மொழியில் ப்ராக்சி (கிளையன்டுக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று மெசேஜைக் கடத்தும் ப்ரோகிராம்) எழுதுபவர்கள் எச்டிடிபி 1.1 மெசேஜைப் பிரிக்க இரண்டு நல்ல ஓப்பன் சோர்ஸ் பார்சர்கள் இருக்கின்றன. ஒன்று, எச்2ஓ என்ற வெப் சர்வரில் ஓடும் பிக்கோஎச்டிடிபிபார்சர், சுருக்கமாக பிக்கோ. மற்றது, 2019-இல் நோட்.ஜேஎஸ் 12-இன் வழக்கமான பார்சராக வந்த எல்எல்எச்டிடிபி. ப்ராக்சி என்றால் என் ஓட்டு பிக்கோவுக்கு.

வேகத்தில் இரண்டுமே கெட்டி. நீளமான ஹெடர் மதிப்பை 16 பைட்டாக அள்ளிப் பார்க்கும் எஸ்எஸ்இ 4.2 (இன்டெல், ஏஎம்டி சிப்களின் சிறப்புக் கட்டளைகள்) வழி இரண்டிலும் உண்டு. கம்பைல் செய்யும்போது அதை இயக்கும் ஃபிளாக்கை விட்டுவிட்டால் ஒரு எச்சரிக்கையும் வராது. சத்தமில்லாமல் பைட் பைட்டாக ஓடும்.

உண்மையான வித்தியாசம், ஹெடர் பைட்டுகள் எங்கே தங்குகின்றன என்பதில். எல்எல்எச்டிடிபி ஒரு ஸ்டேட் மெஷின். வந்த துண்டைப் படித்து, நின்ற இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கால்பேக்கை (நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை) அழைக்கும். 3 கேபி குக்கி இரண்டு ரீடில் பாதி பாதியாக வந்தால் கால்பேக்கும் இரண்டு முறை வரும். ஒட்டுவது நம் வேலை, அதற்கு மெமரியும் காப்பியும் வேண்டும். ப்ராக்சியோ ஹோஸ்ட், பாத் எல்லாம் பார்த்த பிறகுதான் எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும். ஆக, ஹெடர் முழுவதும் எப்படியும் நம் பஃபரில்தான் இருக்கிறது. பிக்கோ அந்த பஃபருக்குள்ளேயே பாயின்டரும் நீளமும் தருகிறது. மெமரி ஒதுக்குவதே இல்லை. மாறாத ஹெடர்களைக் காப்பி எடுக்காமலே மறுபக்கம் தள்ளலாம். ஒரே நிபந்தனை: பஃபர் பெரிதாகி இடம் மாறினால் பழைய பாயின்டர்கள் செல்லாது. பாயின்டருக்குப் பதில் ஆஃப்செட்டாக (பஃபரின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று) சேமியுங்கள்.

பிக்கோவில் இரண்டு இடத்தில் வழுக்கும். மெசேஜ் அரைகுறையாக வந்தால் -2 திரும்பும். மீண்டும் அழைக்கும்போது முந்தைய பஃபர் நீளத்தைக் கடைசி ஆர்க்யுமென்ட்டாகக் கொடுக்க வேண்டும். எப்போதும் 0 கொடுத்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கும். 8 கேபி ஹெடரை ஒவ்வொரு பைட்டாக அனுப்பும் ஒரே ஒரு கிளையன்ட், சுமார் 3 கோடியே 35 லட்சம் பைட்டைப் படிக்க வைத்துவிடுவான். நீளத்தைக் கொடுத்தால், புது பைட்டோடு முந்தைய 3 பைட்டை மட்டும் பார்த்து, ஹெடர் முடிவைக் காட்டும் வெற்று வரி வந்ததா என்று சொல்லிவிடும்.

இன்னொன்று ஹெடர் எண்ணிக்கை. உள்ளே போகும்போது அது வரம்பு, வெளியே வரும்போது விடை. அடுத்த அழைப்புக்கு முன் மறுபடி பழைய வரம்பை (உதாரணமாக 100) வைக்காவிட்டால் வரம்பு சுருங்கி, சரியான மெசேஜுக்கும் -1, அதாவது பிழை, வரும். லோக்கல்ஹோஸ்டில் எல்லாம் ஒரே ரீடில் வந்துவிடுவதால் இந்தப் பிழை டெஸ்டில் தெரியாது, ப்ரொடக்‌ஷனில்தான் கடிக்கும்.

பிக்கோ வரிகளைப் பிரித்துக் கொடுக்கும், பொருள் பார்க்காது. மெசேஜ் உடல் எங்கே முடிகிறது என்பதை இரு வேறு விதமாகச் சொல்லும் கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் ஹெடர்கள் சேர்ந்து வரும் மெசேஜை எல்எல்எச்டிடிபி இயல்பாகவே மறுக்கும். பிக்கோவில் அந்தச் சோதனையை நாமே எழுத வேண்டும். எழுதாத ப்ராக்சி ரிக்வெஸ்ட் ஸ்மக்லிங்குக்கு (ஒரு ரிக்வெஸ்டுக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்பும் தாக்குதலுக்கு) திறந்த கதவு. மடித்து எழுதிய (மதிப்பு அடுத்த வரியிலும் தொடரும்) ஹெடரின் தொடர்ச்சி வரிக்குப் பெயர் பாயின்டர் NULL ஆக வரும். அதைப் பார்த்ததும் 400 (தவறான ரிக்வெஸ்ட்) பதில் கொடுத்து முடித்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளைப் பொறுப்பாக எழுதிக் கவனிக்க ஆளில்லாத டீமுக்கு எல்எல்எச்டிடிபியே சரி. ஆனால் அதன் இலக்கணத்தைத் திருத்த டைப்ஸ்கிரிப்ட் மூலத்தை மாற்றி சி கோடை மறுபடி உருவாக்க வேண்டும். பிக்கோவின் சி கோப்பு ஆயிரம் வரிக்கும் குறைவு, ஒரே மதியத்தில் படித்துவிடலாம். ஏஆர்எம் சர்வரில் எஸ்எஸ்இ கிடையாது. அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதை உங்கள் சொந்த டிராஃபிக்கில் அளந்து பார்த்துவிட்டு மாறுங்கள்.