எந்த விலாசத்தை எழுதுவது?

இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் விபரம் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். இலங்கை விலாசம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

நான் பிறந்தது 1969 இல், மயிலிட்டியில். 1990 ஆனியில் சண்டை மூண்டபோது மாற்றுடுப்புக்கூட எடுக்காமல் வெளிக்கிட்டோம். பிறகு அளவெட்டி, மானிப்பாய், கொஞ்ச நாள் சாவகச்சேரி, கடைசியில் கொழும்பு வெள்ளவத்தையில் நாலு பேரோடு ஒரு அறை. 1993 இல் கனடா. 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய காணிகளையும் இராணுவம் விட்டபோது எங்கள் வளவும் அதற்குள் வந்தது. இப்போது அங்கே அத்திவாரத்தின் ஒரு பக்கமும் கிணறும் இருக்கின்றன. வீடு இல்லை, தபால்காரர் போவதற்குப் படலை இல்லை. அதை விலாசம் என்று எழுதலாமா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

போன புரட்டாதியில் ஐந்து கிழமை ஊரில் நின்றேன். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்காகவே போனது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கும் ஒரு விடயம். வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை நாங்களாக விரும்பி எடுத்தால், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமை அன்றைக்கே போய்விடுகிறது. பழைய அடையாள அட்டை அலுமாரியில் கிடக்கிறது, இலக்கத்தின் கடைசியில் வாக்குரிமையைக் குறிக்கும் 'வி' எழுத்தும் இருக்கிறது, ஆகவே நான் இன்னும் இந்நாட்டவன் என்று நினைக்கிறவர்கள் என் நண்பர்களிலேயே மூன்று பேர். 1999 இல் நான் கனடாவில் சத்தியப்பிரமாணம் எடுத்த நாளில் எனது இலங்கைப் பிரஜாவுரிமை முடிந்துவிட்டது. ஊருக்கு வந்தபோதும் உல்லாசப் பயணிகளின் 30 நாள் விசாவில்தான் இறங்கினேன், மிச்ச நாட்களுக்கு நீடிப்பு எடுத்தேன். பிறந்த மண்ணில் அந்த முத்திரை விழும்போது மனம் என்னவோ செய்தது. என்றாலும் சட்டப்படி அது சரியான முத்திரைதான்.

இழந்ததை மீளப் பெறுவது 19 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவு. இன்னும் வெளிநாட்டுப் பிரஜை ஆகாதவர், ஆகப்போகிறவர், முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்வது 3 ஆம் உட்பிரிவு. 1987 இல் வந்த திருத்தம் இது. 2011 இல் நிறுத்தி வைத்து 2015 இல் திரும்பத் தொடங்கினார்கள்.

இனி வதிவிடம். "ஆறு மாதமாவது அங்கே இருந்ததாக விதானையாரிடம் கடிதம் வாங்க வேணும், நான் ஒழுங்கு செய்து தாறன்" என்று ரொறன்ரோவில் ஒரு முகவர் எனக்குச் சொன்னார். விதானையார் என்றால் கிராம அலுவலர். அதற்கு ஒரு விலையும் சொன்னார். நான் சட்டத்தை எடுத்து வாசித்தேன். பிரஜாவுரிமையை மீளப் பெற இலங்கையில் இத்தனை காலம் வசித்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. வெளிநாட்டில் இருந்தபடியே தூதரகம் மூலமும் கொடுக்கலாம். சட்டம் கேட்பது வேறொன்று: இந்த ஆளுக்குப் பிரஜாவுரிமையைத் திருப்பிக் கொடுப்பதால் இலங்கைக்குப் பயன் உண்டு என்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும். அதனால்தான் விண்ணப்பதாரரை வகை பிரிக்கிறார்கள். 55 வயதைத் தாண்டியவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து உள்ளவர், வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவர் என்று. எனக்கு வயது 56. வயது வகையில் போட்டேன். காணி உறுதி, மதிப்பீட்டு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

இல்லாத வதிவிடத்தைக் காசு கொடுத்து எழுதி வாங்கி, கேட்காத ஒரு பொய்யைக் கோப்புக்குள் வைக்கிறோம். பிறகு அந்தப் பொய் எல்லா இடத்துக்கும் எங்களோடு வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்படியென்றால் விதானையார் எதற்கு? நானும் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கிராம அலுவலரை இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறோம், அது இப்போது முப்பது வயதுப் பெண்பிள்ளையாக இருந்தாலும். மேசையில் பதிவேடுகள், சுவரில் 'ஜே' எழுத்தோடு பிரிவின் இலக்கம். நான் கதையை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் இஞ்ச இருக்கிறீங்கள் எண்டு நான் எழுதேலாது. நீங்கள் இஞ்ச இல்லைத்தானே."

"இருக்கிறன் எண்டு எழுதச் சொல்லி நான் கேக்கேல்லைப் பிள்ளை. என்ன எழுதலாம் எண்டுதான் கேக்க வந்தனான்."

அவர் ஒரு பதிவேட்டை எடுத்தார். அப்பாவின் பெயர் இருந்தது, 2017 க்குப் பிறகு மீள்குடியேற்றத்துக்கு அக்கா பதிந்தது. "உங்கட குடும்பம் இந்தப் பிரிவைச் சேர்ந்தது, காணி இன்னாரின்ர பேரில இருக்கு, 90 இல இடம்பெயர்ந்தது. இது எனக்குத் தெரியும், இதை எழுதலாம். ஆனா அவையள் இதைக் கேக்கிறேல்லை ஐயா. பிரஜாவுரிமை கிடைச்சாப் பிறகு அடையாள அட்டைக்குத்தான் என்னட்ட வருவீங்கள். அப்ப எங்க இருக்கிறீங்களோ, அந்தப் பிரிவு விதானையாரிட்டப் போங்கோ."

அந்த நாலு வசனத்துக்காகவே நான் கனடாவிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றியது. இருக்கிற விலாசம் வேறு, சேர்ந்த இடம் வேறு. விண்ணப்பம் கேட்பது முதலாவதை. நான் 35 வருடமாக இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஹட்டனிலிருந்து வந்த என் சிநேகிதி சொன்ன ஒரு விடயம் ஞாபகம் வந்தது. 1948 சட்டம் மலையகத் தமிழரைப் பிரஜைகள் அல்லாதவர்களாக ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தில் அவர்கள் பதிவு கேட்கலாம் என்றார்கள். அதற்கு, மணமுடித்தவர் என்றால் 7 வருடம், மற்றவர் என்றால் 10 வருடம் இடைவெளி இல்லாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். அவளுடைய பாட்டனார் தாய் செத்த கையோடு இராமநாதபுரம் போய், நோய்ப்பட்டு, ஒன்றரை வருடம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பியவர். மனு தள்ளுபடி. எனக்கு ஒரு நாளும் வசித்துக் காட்டத் தேவையில்லை, அந்த மனிதருக்கு ஒன்றரை வருடம் வாழ்க்கையை முறித்தது. ஒரே நாட்டுப் பிரஜாவுரிமைச் சட்டங்களின் வரலாறு இது. என் கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்களில் அவரை அடிக்கடி நினைத்தேன்.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் எடுத்தேன். காலையில் கொடுத்து மத்தியானத்துக்குள் கையில் கிடைத்தது. பொறுப்பாக இருந்தவர் என் பெயரைப் பார்த்துவிட்டு, "கனடாக் கடவுச்சீட்டில அப்பாவின்ர பேர் பின்னுக்கோ முன்னுக்கோ?" என்று கேட்டார். அனுபவசாலி. என் கனடாப் பத்திரங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பின்னுக்குப் போயிருக்கிறது, எழுத்துக்கூட்டலும் ஓரிடத்தில் மாறியிருக்கிறது. இருவரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அதைச் செய்யாமல் போயிருந்தால் கொழும்பில் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

பொலிஸ் நற்சான்று கனடாவிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அங்கே மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி. விரலடையாளம் எடுத்துத்தான் கொடுக்கும். இதை ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடவேண்டாம்.

யாழ். மாவட்ட செயலகத்தில் 2025 செப்டெம்பர் 1 இல் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். அதனால் பிரஜாவுரிமை விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுக்கலாம் என்று ஊரில் கதை. விசாரித்தேன், அது கடவுச்சீட்டுக்கு மட்டும். நான் இரவு பஸ் எடுத்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போனேன்.

திணைக்களத்தின் சுஹுருபாயக் கட்டடத்துக்குள் போகும்போது எனக்குள் பழைய பயம். கொழும்பில் பொலிஸ் பதிவும் சோதனைச்சாவடியும் பார்த்த உடம்பு அது, என்னைக் கேட்காமல் தானாக நடுங்கும். நேர்முகத்துக்கு எடுத்தவர் சிங்களவர். எனக்குச் சிங்களம் வராது என்றதும் பக்கத்து மேசையிலிருந்த தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டார். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருடைய வீடு?" என்று கேட்டார்கள். நான் எழுதியிருந்தது இணுவிலில் அக்காவின் வீடு, அக்காவின் பெயரும் சேர்த்து. "அக்காவுடையது. நான் வந்தால் தங்கும் இடம், கடிதம் வந்தால் எனக்குச் சேரும். பிறந்த வீடு மயிலிட்டியில் இருந்தது, இப்போது இல்லை" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் ஐந்து கிழமை சுமந்த கேள்விக்கு அவ்வளவுதான் நேரம் எடுத்தது.

கட்டணம் சிறிய தொகை அல்ல, காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. யாரோ முந்தி கட்டியதை நம்பாமல், கொடுக்கிற நாளில் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ளதைப் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று என் மகள் கேட்டாள். காணி ஒரு காரணம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது, இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடை இல்லை. அப்பாவின் முதுசத்தோடு ஒட்டிய சிறு துண்டொன்றை விற்கப்போகிறார்கள். அதை வாங்கி வேலி அடைத்தால் கிணற்றடிக்கு வழி சொந்தமாகும். ஆனால் காணி இல்லாவிட்டாலும் நான் விண்ணப்பித்திருப்பேன். நானாகக் கையொப்பமிட்டுக் கொடுத்த ஒன்றை நானாகப் போய்க் கேட்க வேண்டும் என்று நெடுநாள் இருந்தது.

அடையாள அட்டைக் கட்டம் இனித்தான். மச்சானுக்குப் போன வருடம் கிடைத்தது. அவர் சுன்னாகத்தில் வீடு எடுத்து, சாமான் இறக்கி, சமையல் தொடங்கி, பக்கத்து வீட்டார் முகம் பழகிய பிறகுதான் அந்தப் பிரிவு விதானையாரிடம் படிவம் கொண்டுபோனார். விதானையார் ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்த்து, தேநீர் குடித்து, கையொப்பம் வைத்தார். நானும் அப்படியே செய்வேன்.

நேற்று அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். திணைக்களத்துக் கடித உறை. என் முழுப் பெயர், கீழே இணுவில். யாழ்ப்பாணத்து விலாசத்துக்கு என் பெயரில் கடிதம் வந்து 35 வருடம். "பிரிக்கட்டோ?" என்று கேட்டாள். பிரிக்கச் சொன்னேன். பொலிஸ் நற்சான்றின் மூலப்பிரதி கேட்டிருக்கிறார்கள். இன்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.