மஞ்சள் செடியோடு பஸ் ஏறிப் போய் எடுத்த ஈ.எஸ்.ஆர்.

கோவையில் காசு வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஆர். எடுத்துத் தருகிற ஒரு லேபுக்கு இரண்டு தடவை போய் வந்தேன், பேர் வேண்டாம். ரத்தத்தில் பார்க்கிற ஈ.எஸ்.ஆர். இல்லைங்க, எலக்ட்ரான் ஸ்பின் ரெசொனன்ஸ். ஜோடி சேராத எலக்ட்ரானைக் காந்தப் புலத்தில் வைத்து மைக்ரோவேவால் பிடிக்கிற மெஷின்.

வெயிலில் வாடும் மஞ்சள் இலையில் என்ன ஃப்ரீ ராடிக்கல் (இப்படி ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) உண்டாகிறது என்று பார்க்கத்தான் போனேன். முதல் தடவை பவானியிலிருந்து இலையை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வழக்கம்போல உலர்த்தி, அரைத்து, பொடியைக் குழாயில் போட்டு ஓட்டி, அழகான கிராஃப் ஒன்றை மெயிலில் அனுப்பிவிட்டார்கள். உலர்த்தி அரைத்தாலே புது ராடிக்கல் உண்டாகும், அப்புறம் அதில் எது செடி போட்டது, எது மிக்ஸி போட்டது என்று யார் சொல்வது? கட்டின காசு போச்சு.

அடுத்த தடவை தொட்டியோடு செடியையே தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், சரி. மெஷின் பார்க்கிற அண்ணன், "ஏனுங்க, பச்சை இலைல தண்ணி இருக்குதுங்களே, டியூனே ஆகாதுங்க" என்றார். நியாயம்தான், 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவைத் தண்ணீர் குடித்துவிடும். அதற்கென்றே தட்டையான குவார்ட்ஸ் செல் வருமே என்று கேட்டால், பீரோவில் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடக்கிறது! நடுநரம்பை விட்டுவிட்டு ஒல்லியாக ஒரு கீற்று வெட்டி வைத்தோம், மூன்றாவது முயற்சியில் டியூன் ஆனது.

இருட்டில் ஏற்கெனவே ஒரு சிக்னல் இருந்தது, அது ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கிற புரதக் கூட்டமான ஒளியமைப்பு இரண்டில் உள்ள டைரோசின் என்கிற அமினோ அமிலத்தின் ராடிக்கல், மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கேவிட்டி (சாம்பிள் உட்காரும் உலோகப் பெட்டி) ஜன்னல் வழியாக விளக்கடித்ததும் அதன்மேல் இன்னொன்று எழுந்தது, அணைத்ததும் அடங்கியது. ஒளியமைப்பு ஒன்றில் எலக்ட்ரானை இழந்த பி700 என்கிற குளோரோபில் அது. 1956இல் பாரி காமனர் குழு குளோரோபிளாஸ்டில் பார்த்த சங்கதி, என் தொட்டிச் செடி இலையில்! அண்ணனும் நானும் நாலைந்து தடவை சும்மாவே போட்டுப் போட்டு அணைத்தோம்.

ஆனால் வாட்டத்தில் வரும் சூப்பராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் நேராகச் சிக்காது, அவற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவைக்கிற டி.எம்.பி.ஓ. என்கிற வேதிப்பொருளைக் கொடுத்துத்தான் பிடிக்கணும். லேபில் இருந்த பாட்டில் வெறும் தண்ணீரிலேயே கோடு காட்டுகிற அளவுக்குப் பழசு, அதனால் போன காரியம் பாதிதான் முடிந்தது. புது பாட்டிலை ஐஸில், வெளிச்சம் படாமல் நீங்களே கொண்டுபோங்கள்.

மெஷினுக்கும் அண்ணனுக்கும் 5க்கு 4, முன்பக்கம் சாம்பிள் வாங்குகிறவர்களுக்கு 2. திரும்பி வரும்போதும் தொட்டிக்கு லக்கேஜ் போட்டார்கள்.