டேங்க் காலி செய்ய எது சரி: டியூபா, 12 வோல்ட் பம்பா, மூடிய கைப் பம்பா?

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எல்லா வேலையும் கூரைக்குள் வந்துவிடும். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் மாற்றிப் போட்டு, ஆரியங்காவு ஏற்றத்துக்கு முன்பே கயிறு கட்டி இழுத்து வரும் காரும் உள்ளேதான் நிற்கும். அந்த டேங்கை எப்படிக் காலி செய்வது என்பதில்தான் ஷெட் பிழைப்பதும் எரிவதும் இருக்கிறது.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. புதிய கார்கள் பலவற்றில் வாய்க்குழாயில் தடுப்பு இருப்பதால் டியூப் இறங்குவதும் இல்லை. லாரி, டிராக்டரில் டேங்கின் அடி நட்டைக் கழற்றுவது டீசலுக்குச் சரி, பெட்ரோலுக்கு வேண்டாம். ஒருமுறை கழன்றால் ஓட்டத்தை நிறுத்துவது கடினம்.

12 வோல்ட் மின்பம்பு மலிவு, வேகமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலானவை டீசலுக்கென்று செய்தவை. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும்போது பொறி வரும். பேட்டரியில் கிளிப் மாட்டும்போதும் எடுக்கும்போதும் வரும். பெட்ரோலுக்கென்றே செய்த தீப்பொறி காப்புள்ள பம்பு தவிர வேறெதையும் தொடாதீர்கள். காரின் சொந்தப் பம்பை ஓட்டி எடுப்பது ஓரளவு நல்ல வழி, அது எரிபொருளில் மூழ்கியே ஓடுகிறது, அங்கே பற்றுவதற்குக் காற்று இல்லை. ஆனால் லைனில் 3 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கலாம். அதை இறக்காமல் பைப்பைக் கழற்றினால் சூடான சைலன்ஸர் மேல் பீய்ச்சி அடிக்கும். கடைசிச் சில லிட்டரில் பம்பும் காய்ந்து கெடும்.

என் சாய்வு மூடிய கைப் பம்புக்குத்தான்: உலோகத் தொட்டி, எர்த் கிளிப், இரண்டு ஹோஸ். விலை பல மடங்கு. கொடுக்கத் தகும் என்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது ஹோஸ். பழைய பெட்ரோல் கேனில் 40 லிட்டர் ஊற்றினால், அதற்குள் இருந்த ஆவி கலந்த காற்று 40 லிட்டர் வெளியே தள்ளப்படும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆவிதான் எரிவது. சிந்திய பெட்ரோலை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதி அடைகிறோம். இரண்டாவது ஹோஸ் அந்த ஆவியைக் காரின் டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியான பிட்டுக்குள் இறங்கும். காற்றில் சுமார் 1.4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றும். 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள பிட்டில் அந்த அளவை எட்ட ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். அடியில் தங்குவதால் அதைவிடக் குறைவும் போதும். அங்கே 230 வோல்ட் கைவிளக்கு ஒன்று விழுந்து உடைந்தால் மீதியைச் சொல்ல வேண்டாம். பிட்டின் மேல் எந்த முறையும் ஆகாது, மூடிய பம்பும் ஆகாது.

டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தாலும் அதைப் பெட்ரோலாகவே நடத்துங்கள். 'டீசல்தானே' என்று அலட்சியமாகக் கை வைப்பது இந்த வண்டிகளில்தான்.

மழையானாலும் வண்டியை வாசலுக்குத் தள்ளுங்கள், மேலே தார்ப்பாய் போதும். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். எர்த் கிளிப்பைப் பெயிண்ட் இல்லாத சேஸிஸ் இரும்பில் மாட்டிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஹோஸ் முனை தொட்டியின் அடியைத் தொட்டிருக்கட்டும். பெட்ரோல் மேலிருந்து விழுந்தால் நிலைமின்னேற்றம் சேர்ந்து பொறி வரும். பிளாஸ்டிக் வாளியும் புனலும் ஆபத்தாவது இதனால்தான். பின்சீட்டுக்கு அடியில் பம்பு மூடியைத் திறந்து எடுக்க நேர்ந்தால் நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும். ஆவி காருக்குள்ளேயே தேங்கும் இடம் அது.

அணைக்க, 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் வண்டியிலிருந்து தள்ளி, வெளியேறும் பக்கம் இருக்கட்டும். சிந்தியதன் மேல் உலர்ந்த மணல் போடுங்கள்; மரத்தூள் வேண்டாம். நுரை வகை வாங்குவதானால் ஆல்கஹாலைத் தாங்கும் நுரையா என்று கேளுங்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண நுரையை உடைத்துவிடும்.

மாதத்துக்கு ஒரு வண்டிகூட வராத சிறிய ஷெட்டுக்கு இந்த முதலீடு கட்டுமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சாதாரண உலோகக் கைப் பம்பும், எர்த் ஒயரும், திறந்த வெளியும் போதுமானதாக இருக்கலாம்.

எடுத்ததை வைப்பதிலும் கணக்கு உண்டு. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம்; உலோகக் கேன் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது, இறுக மூடியிருக்க வேண்டும். ஒரே காரின் நிறைந்த டேங்க் பெரும்பாலும் அதைத் தாண்டும். எனவே எடுப்பதற்கு முன்பே, அது எங்கே போகப்போகிறது என்று வண்டிக்காரரிடம் பேசிவிடுங்கள். புளியரை வயல் வாய்க்கால் அதற்கான இடம் அல்ல.