மொத்தமாகவா, மாதாமாதமா? குமரி மாவட்டத்தில் ஜீவனாம்சக் கணக்கு

விவாகரத்து வழக்கில் சமரசம் பேச உட்கார்ந்ததும் பெண் வீட்டார் பெரும்பாலும் மொத்தத் தொகையைத்தான் கேட்கிறார்கள். “வாங்கிக்கொண்டு முடித்துவிடுவோம், மாதாமாதம் அவன் வாசலில் போய் நிற்க வேண்டாம்” என்ற பேச்சு நாகர்கோவில் நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும், கணவனுடைய வருமானம் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதைப் பார்க்காமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் இரண்டு வழிகளையும் திறந்தே வைத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் 37-ஆம் பிரிவும் மொத்தத் தொகைக்கும் தவணைத் தொகைக்கும் இடம் தருகின்றன. முந்தையதில் கணவனும் கேட்கலாம், பிந்தையதில் மனைவி மட்டுமே கேட்க முடியும். இவை தவிர, எம்மதத்தவரும் நாடக்கூடிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144-ஆம் பிரிவாகியுள்ளது. அதில் கிடைப்பது மாதத் தொகை மட்டுமே. விவாகரத்தான இஸ்லாமியப் பெண்களுக்கும் அந்த வழி உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் உறுதி செய்தது.

எண்ணிக்கையில் பார்ப்போம். 15 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் மாதம் 8,750 ரூபாய் வரும். முதலும் கையில் நிற்கும். அதற்கு மாற்றாக மாதம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பானால் பதினைந்து ஆண்டுகளில் 21,60,000 ரூபாய் சேரும். காகிதத்தில் இரண்டாவதே வெல்கிறது. காகிதத்தில் மட்டும்.

குளச்சல் பக்கத்துப் பெண் ஒருவரின் வங்கிப் பாஸ்புக்கைப் பார்த்தேன். மே வரை மாதம் 6,000 வரவாகியிருக்கிறது. ஜூன், ஜூலையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் 5,000 மட்டும். அவருடைய முன்னாள் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் அந்த இரண்டு மாதமும் கையில் காசிருக்காது. 144-ஆம் பிரிவில் கிடைத்த தொகையின் நிலுவையை வசூலிக்க, தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். கட்டாத கணவனை மாத நிலுவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குள் இருப்பவர் கடலுக்குப் போக முடியாது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. இப்படிப்பட்ட இடத்தில், சிறிதானாலும் மொத்தத் தொகையே மேல்.

வளைகுடாவில் வேலை செய்பவர் விஷயத்திலும் அப்படியே. அங்குள்ள சம்பளத்தின் மேல் இங்குள்ள நீதிமன்றத்தின் கை எளிதில் எட்டாது. அவர் ஊருக்கு வந்து கையெழுத்திட நிற்கும் அந்த விடுமுறைதான் உண்மையான பேரத்துக்கான நேரம்.

அரசு ஊழியர், ஆசிரியர் போன்றோரின் நிலை வேறு. அவர்களுடைய சம்பளத்தைச் சட்டவழியில் பற்றுகை செய்ய, அதாவது நீதிமன்ற உத்தரவால் பிடிக்க, முடியும் என்பதால், அங்கே மாதத் தொகையே வலுவானது. ஆனால் விலைவாசி ஏற்றத்துக்கு வழி எழுதப்பட்டிருக்க வேண்டும். 2025-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் விதித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டித் தரவும் உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தவறில்லை. மாதத் தொகையைச் சூழ்நிலை மாறும்போது கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். மறுமணம் செய்தால் அது நின்றுபோகலாம். முழுத் தீர்வு என்று எழுதி வாங்கிய மொத்தத் தொகையை மறுமணத்துக்காக யாரும் பொதுவாகத் திருப்பிக் கேட்பதில்லை, அதற்குமேல் கேட்பதும் அரிது.

அருமனை, குலசேகரம் பக்கம் பணத்துக்குப் பதிலாக ரப்பர் தோட்டத்தில் சில செண்ட் எழுதித் தருவதாகச் சொல்வார்கள். மரத்தின் வயதைக் கேளுங்கள். ஏழாம் ஆண்டு வாக்கில் பாலுக்காகப் பட்டை வெட்டத் தொடங்கிய மரம் முப்பதை நெருங்கினால் பாலை விட விறகுக்கே ஆகும். நிலத்தை வாங்குவதை விட, மாதத் தொகைக்குக் கணவனின் நிலத்தைப் பொறுப்பாக்கி, அதாவது ஈடாக வைத்து, தீர்ப்பில் எழுதச் செய்வது நல்லது. இந்து திருமணச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பதிவு செய்துவிட்டால் வில்லங்கச் சான்றில் தெரியும், தோட்டம் கைமாறும்போது வாங்குபவர் நின்று யோசிப்பார்.

எந்த வழியானாலும் நகையை ஜீவனாம்சத்தோடு கலக்கக் கூடாது. “போட்ட நகையைத் திருப்பித் தந்தாயிற்று, அப்புறம் என்ன?” என்று கேட்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு, கேரளத்திலிருந்து வந்த 89 பவுன் வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே பதில்: சீதனம் பெண்ணுடைய தனிச் சொத்து, கணவனுக்கு அதில் உரிமையில்லை. அவளுடையதை அவளிடம் கொடுத்துவிட்டு அதைக் கொடையாகக் கணக்கெழுத முடியாது. பிள்ளைகளின் பராமரிப்பும் அவ்வாறே. தாய் விட்டுக்கொடுத்ததால் பிள்ளையின் உரிமை போய்விடாது. ஆகவே சமரச மனுவில் பவுனுக்கு ஒரு பத்தி, பிள்ளைக்கு ஒரு பத்தி, மனைவிக்கு ஒரு பத்தி என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.