லைட் பெட்டியைக் காட்டி டபுள் கிளாஸ் ஜன்னல் விற்கிறார்கள், கவனம்!

மேற்கு பார்த்த வீடு, மதியத்துக்கு மேல் ஹாலில் உட்கார முடியவில்லை, ஜன்னலை மாற்றிவிடலாம் என்று யோசிப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரை இப்போது சொல்ல முடியாது. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

எங்களுடையது சென்னை போரூரில் மூன்றாவது மாடி. பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஃபிரேமில் டபுள் கிளாஸ் போட்டால் வெயிலின் சூடு உள்ளே வராது, ஏசி செலவு பாதியாகும் என்றார்கள். ஷோரூமில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே சூடு கக்கும் பெரிய பல்பு, முன்னால் இரண்டு சாம்பிள் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடிக்கு முன் கை வைத்தால் சுடுகிறது. பக்கத்தில் உள்ள டபுள் கிளாஸுக்கு முன் வைத்தால் சூடே தெரியவில்லை. “பாத்தீங்களா மேடம், இதுதான் உங்க வீட்டுக்கு வரப்போகுது” என்றார் சேல்ஸ்மேன்.

அது வரவில்லை. அந்தச் சாம்பிள், வெயிலைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சு போட்ட கண்ணாடி. எங்கள் வீட்டில் மாட்டியது பூச்சே இல்லாத இரண்டு வெள்ளைக் கண்ணாடி.

சித்தப்பா மகன் கண்ணாடி ஃபிட்டிங் வேலையில் இருக்கிறான். சித்திரையில் வீட்டுக்கு வந்தவன், “என்னக்கா, டபுள் கிளாஸ் போட்டும் இப்படிக் காயுது?” என்று கேட்டான். இருட்டியதும் லைட்டரைப் பற்றவைத்து ஜன்னல் பக்கத்தில் பிடித்தான். கண்ணாடியில் நான்கு சுடர் தெரிந்தது. ஒரு கண்ணாடிக்கு இரண்டு முகம், ஆக இரண்டுக்கும் நான்கு. பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் தெரியுமாம். “நாலும் ஒரே கலரு, பாருக்கா.” பிறகு ஷோரூம் போய் அந்தச் சாம்பிளில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு.

கேட்டதற்கு வந்த பதில் இது: “கொட்டேஷன்ல டபுள் கிளாஸ்னுதானே மேடம் போட்டிருக்கு? டபுள் கிளாஸ் குடுத்துட்டோம்ல. கோட்டிங் வேணும்னா அது தனி ரேட்டு.” கொட்டேஷனில் இருந்தது “5-12-5” என்ற மூன்று எண்கள்தான். 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. காற்று இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி. பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்கு இரண்டு அளவு சொல்வார்கள். யு-வேல்யூ என்பது உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வித்தியாசத்தால் எவ்வளவு சூடு கடக்கிறது என்பது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு இது 5.7 போல வரும். இரட்டையாக்கினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். விற்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். பனி கொட்டும் ஊரில் இதுதான் முக்கியம். நமக்கு அடிப்பது நேர் வெயில். அதற்கான அளவு எஸ்எச்ஜிசி: கண்ணாடியில் விழும் வெயில் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. ஒற்றைக் கண்ணாடியில் 0.8-க்கு மேல். வெறும் வெள்ளைக் கண்ணாடியை இரட்டையாகப் போட்டாலும் 0.7 பக்கம்தான் இறங்கும். அதாவது பத்தில் ஏழு பங்கு வெயில் உள்ளே வருகிறது. நல்ல பூச்சுக் கண்ணாடியில் 0.3-க்குக் கீழே கிடைக்கும். கடை, அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்களுக்காக 2017-ல் வந்த மத்திய அரசின் ஈசிபிசி என்ற மின்சிக்கன விதி, சென்னை போன்ற ஊர்களுக்கு வைத்த உச்சவரம்பு 0.27.

கையில் காசு குறைவாக இருந்தால், பூச்சு இல்லாத டபுள் கிளாஸைவிட வெயில் தடுக்கும் பூச்சு போட்ட ஒற்றைக் கண்ணாடியே மேற்கு ஜன்னலுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மேற்கு வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடு மட்டும் போதாது. வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டினால் இன்னும் குறையும். எந்த ஷோரூமிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஐப்பசி மழையில் அடுத்தது. அம்மா அறை ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெள்ளையாகப் படிந்துவிட்டது. உள்ளேயும் துடைக்க முடியாது, வெளியேயும் முடியாது. (ஏசி ஓடும்போது வெளிப்பக்கம் வேர்ப்பது சாதாரணம், அதற்காகப் பயப்படாதீர்கள். நடுவில் படிந்தால்தான் கோளாறு.) ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்க வேண்டும், சுற்றி இரண்டு அடுக்கு சீலிங் வேண்டும். எங்களுடையதில் ஒரே அடுக்கு, அதிலும் ஒரு மூலையில் விரல் நகம் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. 10 வருட வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால், அது ஃபிரேமுக்கு மட்டுமாம். ஃபிரேமும் லட்சணமில்லை: உள்ளே பலத்துக்காக ஜிஐ ஸ்டீல் (துத்தநாகம் பூசிய இரும்பு) வைத்ததாகச் சொன்னார்கள், காந்தத்தை வைத்தால் பல இடங்களில் ஒட்டவே இல்லை.

ஜன்னல் மாற்றுபவர்கள் கொட்டேஷனில் கண்ணாடி எந்தக் கம்பெனி, எந்த மாடல், எஸ்எச்ஜிசி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கண்ணாடிக்கும் சீலிங்குக்கும் வாரண்டி தனியாக எழுத்தில் வேண்டும். டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். லைட்டர் சோதனையைக் கண்ணாடி வந்து இறங்கியதும் செய்யுங்கள்; சிலிக்கான் அடித்து முடித்த பிறகு ஒருவரும் கழற்ற வரமாட்டார்கள். கடைசித் தவணையைச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் மனுவோடு வைத்திருப்பது பில், சேல்ஸ்மேன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த லைட் பெட்டி வீடியோ, “சேம் கிளாஸ் மேடம்” என்று அதற்குக் கீழே அவர் போட்ட வரி.