கையெழுத்தா, கைநாட்டா, ஓடிபியா?

பேனாவால் பெயர் எழுதினால்தான் மதிப்பு, கைநாட்டு அதற்கு ஒரு படி கீழே என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்தியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெயர் எழுத முடியாதவர் வைக்கும் குறியும் கையெழுத்துதான் என்று சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமே சொல்லிவிட்டது.

"இது என்னுடையது இல்லை" என்று ஒருவர் மறுக்கும்போதுதான் எது பலமானது என்று தெரியும். பேனாக் கையெழுத்து வயதோடு மாறும், பக்கவாதம் வந்தால் உருவே தெரியாமல் போகும். விரல் ரேகை மாறாது. பத்திரப்பதிவில் அழகாகக் கையெழுத்துப் போடுபவரிடமும் ரேகை வாங்குகிறார்கள். நடுங்கும் கையால் பெயர் எழுதியே ஆகவேண்டும் என்று பெரியவர்களை வதைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் ரேகையைச் சரியாக எடுக்க வேண்டும். மை அதிகமாகி அழுத்தி வைத்தால் வெறும் கறைதான் மிஞ்சும். விரலை ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல உருட்டி எடுத்து, பக்கத்தில் 'இன்னாரின் இடது பெருவிரல் ரேகை' என்று எழுதி, சாட்சியிடம் கையெழுத்து வாங்குங்கள். படித்தவர் கைநாட்டு வைத்தால் ஏன் என்ற கேள்வி வரும். காரணத்தையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது.

காசோலைக்குப் பேனாவே வசதி. வங்கியில் கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து பொருந்தாமல் காசோலை திரும்பினாலும் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு வரலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது மின்னணுக் கையெழுத்து. ஆதார் ஓடிபி மூலமோ யூஎஸ்பி டோக்கன் (கணினியில் செருகும் சிறு கருவி) மூலமோ போடுவதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போட்ட பிறகு ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பேனாவுக்கு இந்தக் காவல் கிடையாது. கையெழுத்தைப் படமெடுத்துப் பிடிஎஃபில் ஒட்டுவதை இதோடு குழப்ப வேண்டாம். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டலாம், மறுத்தால் நிரூபிப்பது பெரும்பாடு. அப்புறம், ஓடிபியை இன்னொருவரிடம் சொல்வதும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான்.

உயிலுக்கு மின்னணுக் கையெழுத்து செல்லாது. பேனாவோ கைநாட்டோ, இரண்டும் முடியாதென்றால் எழுதுபவர் சொல்லி அவர் முன்னிலையில் வேறொருவர் போடும் கையெழுத்தோ போதும். எதுவானாலும் சாட்சிகள் குறைந்தது 2 பேர் வேண்டும். இருவரும் உயில் எழுதுபவரின் கண்முன் கையெழுத்துப் போட வேண்டும்.